நாற்காலிக்குப் பின்னால் இருந்த பை

என் உயிரான சேவியர் அண்ணாவுக்கு,

இதைக் கேட்டால் நீ முதலில் திட்டுவாய். திட்டிக்கொள். நீ போய் ஒன்பது மாதம் கழித்து, போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், நீ செய்து கொடுத்த சைக்கிளை எடுத்துக்கொண்டு தனியாகக் கிளம்பினேன். சேலையூரிலிருந்து பள்ளிக்கரணை வரைக்கும். அண்ணியிடம் சொல்லவில்லை.

அதை இன்னும் எத்தனை நாள்தான் மாடிப்படிக்கு அடியில் துணி போட்டு மூடி வைப்பது? முதுகு ஆபரேஷனுக்குப் பிறகு நான் குனிந்து ஓட்டவே கூடாது என்று டாக்டர் சொன்னார். சாய்ந்து உட்கார்ந்து, காலை முன்னால் நீட்டி மிதிக்கிற சைக்கிள் ஒன்றை நீ போனில் கண்டுபிடித்தாய். திருமுடிவாக்கம் கம்பெனியில் ஷிப்ட் முடிந்ததும் தங்கி, பைப் வளைத்து, வெல்டிங் வைத்து, நீயே ஒன்று செய்து கொண்டுவந்தாய். பதினொரு வயதிலிருந்து ஊசி போட்டுக்கொள்கிற சுகர்காரிக்கு மிதிக்காமல் முடியாது என்று நீதான் சொன்னாய்.

குளுக்கோஸ் கலந்த தண்ணீர், பேரீச்சம்பழம், சுகர் பார்க்கிற மெஷின், பஞ்சர் சாமான், பம்பு எல்லாவற்றையும் ஒரே பையில் போட்டு, சாய்ந்து உட்காரும் நாற்காலிக்குப் பின்னால் கேரியரில் கட்டினேன். வேறு எங்கே வைப்பது? அந்தச் சைக்கிளில் பேன்ட்டின் பின்பாக்கெட் கூட உதவாது, அதன் மேல்தான் நம் முழுப் பாரமும் கிடக்கிறது. இத்தனை வருஷம் இது எனக்கு ஒரு குறையாகவே தெரியவில்லை. நீ பக்கத்திலேயே உன் சைக்கிளில் வருவாய். தோள்பையில் எனக்கு வேண்டியதெல்லாம் இருக்கும். நான் கையை நீட்டுவேன், நீ வைப்பாய்.

மேடவாக்கம் தாண்டியதும் உதடு மரத்தது. காற்றுக்குத்தான் என்று நினைத்தேன். அப்புறம் கழுத்தில் குளிர்ந்த வேர்வை. சுகர் இறங்குகிறது என்று புரிந்தபோது வலது பக்கம் தண்ணீர் லாரி, பின்னால் பஸ். நான் ஓட்டுகிற உயரத்தில் லாரிச் சக்கரம் என் முகத்துக்கு நேராக வரும், உனக்குத் தெரியும். நிற்க இடம் கிடைப்பதற்குள் கை நடுக்கம் ஹேண்டில்பார் வரைக்கும் வந்துவிட்டது. சதுப்புநிலத்து ஓரம் வந்ததும் இடது பக்கம் திருப்பினேன். சைக்கிளோடு சாய்ந்து விழுந்தேன்.

முழங்கை தேய்ந்ததோடு சரி. ஆனால் எழுந்திருக்க முடியவில்லை. தலைக்குப் பின்னால் ஒரு முழ தூரத்தில் பை. கையைப் பின்னால் கொண்டுபோனேன், ஜிப்பு விரலுக்குத் தட்டுப்பட்டது, பிடிக்க வரவில்லை. விரல் என் பேச்சைக் கேட்கவில்லை. பைக்கில் போன ஒருவர் வேகத்தைக் குறைத்துப் பார்த்துவிட்டுப் போய்விட்டார். உன்னைக் கூப்பிட்டேன் அண்ணா, சத்தமாக. உனக்குக் கேட்டதா?

கொஞ்சம் தள்ளி அலுமினியத் தட்டில் மீன் வைத்து விற்றுக்கொண்டிருந்த அம்மா ஒருத்தி எழுந்து வந்தாள். தேவகி என்று பேர், கோவளத்துப் பக்கம், அதெல்லாம் பிறகு கேட்டுத் தெரிந்துகொண்டது.

"இன்னாமா, குடிச்சிகீறியா?" என்றாள்.

எனக்கு வாய் குழறியது. "பை, பை" என்று மட்டும் சொன்னேன்.

"பை எங்கியும் போவல. யாரும் எடுக்கல. இங்கதான் கீது."

திருட்டுக்குப் பயப்படுகிறேன் என்று நினைத்துவிட்டாள். சொல்ல வேண்டிய வார்த்தை எனக்குத் தெரியும், நாக்குக்கு வரவில்லை. கண் முன்னால் எல்லாம் வெள்ளையாகிக்கொண்டே வந்தது. எப்படியோ "சக்கர" என்றேன். அவள் முகம் மாறியது. அவள் புருஷனுக்கும் அதே வியாதியாம். பையைப் பிடுங்கித் திறந்து அப்படியே ரோட்டில் கொட்டினாள். பம்பு, டியூப், ஸ்பேனர் எல்லாம் விழுந்த பிறகு, கடைசியில் அடியிலிருந்து பாட்டில் வந்தது. என் தலையை மடியில் வைத்து, மீன் வாடை அடிக்கிற கையால் வாயில் ஊற்றினாள்.

கால் மணி நேரம் என்னோடு உட்கார்ந்திருந்தாள். மீன் கேட்டு வந்தவர்களை நிற்கச் சொல்லிவிட்டாள். எனக்குப் பேச்சு வந்ததும் கேட்டாள்.

"துன்ற பொருள முதுகாண்ட கட்டிகினு போறியே. யாரு எட்த்துக் குடுப்பாங்க?"

அண்ணன் எடுத்துக் கொடுப்பார் என்றேன். இன்றைக்கு ஏன் அவர் வரவில்லை என்று கேட்டாள். நான் ரோட்டில் கிடந்த பம்பையும் டியூபையும் பையில் எடுத்துப் போட ஆரம்பித்தேன். அவளும் ஸ்பேனரைப் பொறுக்கிக் கொடுத்தாள்.

வீட்டுக்கு வந்ததும் உன் மேல்தான் கோபம் வந்தது. நாற்காலிக்கு இரண்டு பக்கமும் பை மாட்டித் தா, நானே எடுத்துக்கொள்கிறேன் என்று உன்னிடம் இரண்டு தடவை கேட்டேன். ஊரில் யார் கேட்டாலும் எதையாவது வெல்டிங் வைத்துக் கொடுக்கிறவன் நீ. என்னிடம் மட்டும், "நான் இருக்கேன்ல" என்று பேச்சை முடித்தாய். இருந்தாயா? பெருங்களத்தூரில் பஸ்ஸுக்கு நின்றவன், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவன், ஆஸ்பத்திரிக்குக் கூடப் போய்ச் சேரவில்லையே.

அடுத்த வாரம் சைக்கிளை லோடு ஆட்டோவில் ஏற்றி, உன் பக்கத்து மெஷினில் வேலை செய்த குமார் அண்ணனிடம் கொண்டுபோனேன். நீ வெல்டிங் வைத்த இடங்களை ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தார். பிறகு தயங்கித் தயங்கிச் சொன்னார்.

"ரெண்டு பக்கமும் கொக்கி வெச்சி பை மாட்டிடலாம்னு நான் அப்பவே சேவியர்கிட்ட சொன்னேன்மா. மாட்டிட்டா அப்புறம் தங்கச்சி என்னை எதுக்குடா கூட்டிட்டுப் போவான்னு கேட்டான். சிரிச்சிக்கிட்டேதான் சொன்னான்."

அப்படியா நினைத்தாய் அண்ணா? பேரீச்சம்பழத்துக்காகவும் தண்ணீருக்காகவுமா உன்னைக் கூட்டிக்கொண்டு போனேன்? இல்லை என்று நான்தான் ஒருநாளும் உன்னிடம் சொல்லவில்லை.

இன்னொன்றும் சொல்லாமல் இருக்கிறேன். கடைசி இரண்டு மாதம் மேடு ஏறும்போது உனக்கு மூச்சு வாங்கியது. வயிற்றில் கேஸ் என்றாய். நம்புவது எனக்கு வசதியாக இருந்தது. என் பாரத்தையும் உன் தோளில் போட்டுவிட்டு, உன் மூச்சுச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே மிதித்தேன். உனக்கு வேண்டியதை யார் எடுத்துக் கொடுத்தார்கள்?

குமார் அண்ணன் இடுப்புக்கு இரு பக்கமும் கான்வாஸ் பை மாட்டிக் கொடுத்தார். வலது பக்கம் பாட்டில், இடது பக்கம் பழமும் மெஷினும். ஸ்பேனரும் பம்பும் மட்டும் பின்னால். போன ஞாயிறு செம்பாக்கம் தாண்டும்போது மறுபடி உதடு மரத்தது. ஆனால் கை தொங்கிய இடத்திலேயே பாட்டில் இருந்தது. ஓரமாக நிறுத்திக் குடித்தேன். யாரையும் கூப்பிடவில்லை. அழுதேன், அது வேறு.

அன்றைக்கே அண்ணியிடம் விழுந்தது முதல் எல்லாவற்றையும் சொன்னேன். என் முழங்கைத் தழும்பைத் திருப்பிப் பார்த்தார். பிறகு, வருகிற ஞாயிறு உன் சைக்கிளில் தானும் வருவதாகச் சொன்னார். என்ன எடுத்துக்கொண்டு வரட்டும் என்று கேட்டார்.

"ஒண்ணும் வேணாம் அண்ணி. நீங்க வந்தா போதும்" என்றேன்.

உன்னிடம் சொல்லியிருக்க வேண்டிய வார்த்தை அது அண்ணா. இனி என்னோடு வருகிற யாரையும் அதைச் சொல்லாமல் கூட்டிக்கொண்டு போக மாட்டேன்.

உன் கூடப்பிறந்தவள்,
ரீட்டா