ஏறி வருகிறவர்களுக்கு வழி

தம்பி,

இன்று காலை போடி கடைத்தெருவில் புகையிலைத் தண்ணீரின் வாசனை அடித்தது. மலையில் மழை பிடித்துவிட்டது. ஏலத்தோட்டத்துக்குப் போகும் பெண்கள், அட்டை ஏறாமலிருக்கப் புகையிலையையும் சுண்ணாம்பையும் கரைத்து முழங்கால்வரை பூசிக்கொண்டு, கூட்டமாகப் போனார்கள். நீ வீட்டுக்குள் வருவதற்கு முன்னால் உள்ளே வந்துவிடும் வாசனை அது. "கொல்லைப் பக்கமாப் போயிக் காலைக் கழுவுலே" என்று அம்மா மூக்கைப் பொத்திக்கொண்டு விரட்டுவார். பள்ளிக்கு நேரமாகிவிட்டதை மறந்து அங்கேயே நின்றுவிட்டேன்.

வகுப்புக்குப் போனால் ஒரே கூச்சல். லண்டனில் ஹாக்கியில் நாம் வென்ற செய்தி எனக்கு முன்பே வந்து சேர்ந்திருந்தது. வெள்ளைக்காரர்களை அவர்கள் ஊரிலேயே தோற்கடித்து, நம் கொடி ஏறியதாம். ஒரு பெண் எழுந்து, "டீச்சர், நம்ம பக்கத்துல யாராச்சும் நாட்டுக்காக ஓடியிருக்காகளா?" என்று கேட்டாள்.

"என் தம்பி ஓடினான்" என்றேன்.

"ஜெயிச்சாகளா?"

"மதுரையில் மூன்றாவதாக வந்தான்."

"மதுரையிலயா…" என்று இழுத்தாள். மரியாதைக்காகச் சிரிப்பை அடக்கிக்கொண்டு உட்கார்ந்தாள். அவளுக்கு மேற்கொண்டு சொல்ல நினைத்தேன். கரும்பலகைப் பக்கம் திரும்பிப் பாடத்தைத் தொடங்கிவிட்டேன். உனக்கே எழுதுகிறேன்.

நான் சென்னையில் படித்துவிட்டு வந்து வேலைக்குச் சேர்ந்த காலத்தில், நீ அப்பாவின் ஏலக்காய் வியாபாரத்துக்காக மலை ஏறி இறங்கிக்கொண்டிருந்தாய். காலையில் அடிவாரத்து முந்தலிலிருந்து கிளம்பி மலைமேல் மெட்டுக்குப் போய், தோட்டத்துக்காரர்களிடம் விலை பேசி, பொழுது சாய்வதற்குள் ஓடியே இறங்கிவிடுவாய். அடுத்த ஒலிம்பிக்குக்கு நெடுந்தூரம் ஓடுகிறவர்களைத் தேடுகிறார்கள், மதுரைப் போட்டியில் முதலில் வரும் இருவரைச் சென்னைக்கு அனுப்புவார்கள் என்று பத்திரிகையில் பார்த்து உனக்குச் சொன்னது நான்தான்.

நீ ஒன்றே ஒன்றுதான் கேட்டாய். "அங்கன ஓடுறப்ப நம்ம பேரைச் சொல்லுவாகளாக்கா, நாட்டுப் பேரைச் சொல்லுவாகளா?"

"நாட்டுப் பேரைத்தான் முதலில் சொல்வார்கள்."

அன்றிலிருந்து உன் தூக்கம் போயிற்று. கதர் கட்டிய சித்தப்பா, "ஏலே, எவன் கொடியடா நெஞ்சுல குத்திக்கிட்டு ஓடப்போற?" என்று கடைக்கு வந்தே கேட்டார். "கொடி அவக கொடி சித்தப்பா. காலு நம்ம காலு" என்று சொல்லிவிட்டு நீ மூட்டை தைத்துக்கொண்டிருந்தாய். அவர் வெற்றிலையைத் துப்பிவிட்டுப் போனார்.

பிறகு மதுரையில் போட்டி நாள் வந்தது. பாதையின் பாதி ஒரு கண்மாய்க் கரைமேல் போயிற்று. கரைக் கோடி மேட்டிலிருந்த கல்மண்டபத்தைச் சுற்றிக்கொண்டு அதே வழியில் திரும்பவேண்டும். நான் கரையின் இந்த முனையில் நின்றேன். மண்டபத்தை முதலில் சுற்றியவன் நீதான். பின்னால் வந்தவர்களுக்கும் உனக்கும் நல்ல இடைவெளி. எதிரே, இன்னும் மண்டபத்தை எட்டாதவர்கள் மூச்சிரைக்க மேடேறி வந்துகொண்டிருந்தார்கள்.

நீ ஒதுங்கி நின்றாய்.

முதலில் கல் குத்திவிட்டதென்று நினைத்தேன். அந்த ஆள் கடந்ததும் ஓடினாய். அடுத்தவர் வந்தார். மறுபடி கரையோரமாக ஒதுங்கி, உடம்பைச் சாய்த்து, அவர் போகும்வரை நின்றாய். அதற்குள் எனக்குப் புரிந்துவிட்டது. நம் போடி மெட்டு மலைப்பாதையில் இறங்குகிறவர்தான் ஒதுங்கவேண்டும். தலைச்சுமையோடு ஏறுகிறவர் ஒருமுறை நின்றுவிட்டால் மறுபடி காலை எடுத்துவைப்பது கடினம். நம்மூர்ப் பிள்ளைகளுக்கு அதை யாரும் சொல்லித் தருவதுகூட இல்லை. "ஓடுடா, ஓடு!" என்று கத்தினேன். எதிரே வந்த ஒவ்வொருவருக்கும் நீ வழி விட்டாய். உனக்குப் பின்னால் திரும்பிய இருவர் உன்னைக் கடந்து போனார்கள். கடைசியில் ஒரு கை நீளத்தில் இரண்டாமிடம் போயிற்று.

திரும்பும்போது ரயிலில், "யார் தலையிலடா மூட்டை இருந்தது?" என்று கேட்டேன்.

"எனக்குத் தெரியும்க்கா. காலுக்குத் தெரியல" என்று சிரித்தாய். பிறகு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாய். உசிலம்பட்டி தாண்டும்வரை உன் முதுகுதான் எனக்குத் தெரிந்தது. அது குலுங்கிக்கொண்டிருந்தது.

அத்தோடு முடிந்தது என்றுதான் எல்லோரும் நினைத்தோம். பத்து நாள்கூட ஆகவில்லை, உன்னை முந்தி இரண்டாவதாக வந்தவர், ஒரு மதுரைப் போலீஸ்காரர், துணிப்பையோடு நம் வீட்டுக்கு வந்து நின்றார். ஓட்டம் முடிந்ததும் "எங்கன தம்பி பழகுன?" என்று அவர் கேட்டாராம். "வாங்கண்ணே, மலையக் காட்டுறேன்" என்றாயாம். லீவு போட்டுவிட்டு வந்துவிட்டார்.

"தோத்தவன் ஜெயிச்சவனுக்கு விருந்து வைக்கிறதை இந்த வீட்டுலதான் பாக்கேன்" என்றார் அப்பா. சித்தப்பா வாசலோடு நின்று, "எங்களைத் தடியால அடிக்கிறவனுக்கு நீ கஞ்சி ஊத்துறியாக்கும்" என்றார். போலீஸ்காரர் தலையைக் குனிந்துகொண்டு சாப்பிட்டார்.

"சட்டை, தொப்பியெல்லாம் மதுரையிலயே கழட்டி வச்சுட்டு வந்துட்டாக சித்தப்பா. நீங்களும் வாங்க, மூணு பேருமா ஏறுவம்" என்றாய். சித்தப்பாவின் தொந்தியைப் பார்த்து அம்மா சிரிக்க, கடைசியில் அவரே சிரித்துவிட்டார்.

அன்று சாயங்காலம் உன்னைத் தனியாகக் கூப்பிட்டு, "உனக்கு வலிக்கவே இல்லையா?" என்று கேட்டேன்.

"வலிக்குதுக்கா. அவரைப் பாக்கும்போதெல்லாம் வலிக்குது. ஆனா அவரு போனாலும் நம்ம நாட்டுப் பேரைத்தான சொல்லுவாக."

சென்னையில் அவரும் தேறவில்லை. நம் வீட்டுக்கே வந்து அதைச் சொன்னார். "அடுத்த தடவை பாப்பம்ணே" என்று நீதான் அவரைத் தேற்றினாய். அடுத்த தடவை ஓட்டம் இல்லை, போர்தான் வந்தது. போடிக்கு ரயில்கூட இல்லாமல் தண்டவாளத்தைப் போருக்கென்று பெயர்த்துக்கொண்டு போனார்கள். அதற்கடுத்த மழைக்காலத்தில் மலைக்காய்ச்சல் உன்னைக் கொண்டுபோயிற்று. சுதந்திரத்தையும் நீ பார்க்கவில்லை, லண்டனில் ஏறிய கொடியையும் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் அந்தப் பதினொரு பேரில் ஒருவனைப்போலக் கடைத்தெருவில் குதித்திருப்பாய்.

அந்தப் பெண்ணுக்கு நாளை மிச்சத்தையும் சொல்வேன். ஜெயித்தாரா என்று அவள் திரும்பக் கேட்டால் என்ன செய்வேன் என்று தெரியவில்லை. என்னிடம் இருப்பதைத்தான் சொல்லமுடியும். அந்தப் போலீஸ்காரர் நம் வீட்டில் தங்கிய நாட்களில் எனக்குப் பள்ளி விடுமுறை. கேப்பைக்கூழும் மோருமாக வண்டி கட்டிக்கொண்டு முந்தலுக்கு வந்து காத்திருப்பேன். பனி கலையாத மலையில் ஒன்றும் தெரியாது. முதலில் மேலே எங்கோ கற்கள் உருளும். பிறகு வளைவுக்கு வளைவு நெருங்கி வரும் வெறுங்கால்களின் சத்தம். இரண்டு பேரின் கால்கள். காதைத் தீட்டிக் கேட்பேன். முன்னால் வருவது நீயா, அவரா என்று ஒருநாள்கூட என்னால் பிரித்துச் சொல்ல முடிந்ததில்லை.

உன் அக்கா