பின் சீட்டில் கொஞ்ச நேரம்

தை 9, வெள்ளி

பேத்தி பிரியா நாளை தோழியோடு பைக்கில் கன்னியாகுமரி கிளம்புகிறாள். போன தடவை கோவா போய் வந்தபோது உள்ளங்கை இரண்டும் மரத்துப்போய், அவளால் தோசையைக்கூடப் பிய்க்க முடியவில்லை. அதனால் இன்று பக்கத்து ஊர் பிம்ப்ரியில் மெக்கானிக்கிடம் ஹேண்டில்பாரை உயர்த்தப் போனோம். பின்னால் ஆள் ஏறினால் வண்டி அமுங்கும், அப்படி வைத்துத்தான் உயரம் பார்க்க வேண்டும் என்றான். தோழி வேலைக்குப் போயிருந்தாள்.

"ஆயா, நீ ஏறி உக்காரு."

ஏறி அவள் தோளைப் பிடித்துக்கொண்டேன். மெக்கானிக் ஹேண்டிலைக் கொஞ்சம் உயர்த்தி அவள் பக்கம் திருப்பியதும் அவள் முதுகு நிமிர்ந்தது.

"இப்ப மணிக்கட்டு வலிக்கல ஆயா."

இவ்வளவு பெரிய வண்டியை அடக்குகிறவள் என் பேத்தி.

"ஆஜியும் வர்றாங்களா?" என்று மெக்கானிக் இந்தியில் கேட்டான்.

"ஆயாவா? பிம்ப்ரி வந்ததுக்கே இடுப்பு வலின்னு சொல்லும்" என்று பிரியா சிரித்தாள்.

"நான் போயிட்டா வீட்ட யாரு பாத்துக்கறது?" என்று நானும் வீறாப்பாகச் சொல்லிவிட்டேன்.

வர்றியா என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் இறங்கியிருக்கவே மாட்டேன்.

பைக்கில் இரண்டு பேருக்குத்தான் இடம். அது எனக்கும் தெரியும். இருந்தாலும் கேட்டிருக்கலாம்.