நான்காவது அசை

என் அருமை ராட்சசி சுகுணாவுக்கு,

நீ போய் நாற்பது நாளாகிறது. ஆபீசில் உன் நாற்காலியில் புதுப்பெண் ஒருத்தி உட்கார்ந்திருக்கிறாள். நாம் அஞ்சல் வழியில் படித்த மனோதத்துவப் புத்தகம் என் பையில்தான் இருக்கிறது. உன்னிடம் ஒன்று சொல்ல வேண்டும். எனக்குப் பயமாக இருக்கிறது.

திண்டிவனத்திலிருந்து விழுப்புரம் போகும் பாசஞ்சரில், வாயில் நுழையாத ஆங்கிலச் சொல் வந்தால் தாடைக்கு அடியில் புறங்கையை வைத்துச் சொல்வாயே, நானும் அப்படியே செய்வேனே. தாடை எத்தனை முறை இறங்குகிறதோ அத்தனை அசை. அப்படித்தான் ஒருநாள் ‘ஹிப்னபாம்பிக்’ வந்தது. ஹிப், ன, பாம், பிக். நான்கு அசை, மூன்றாவதில் அழுத்தம். "இன்னாம்மா, ரெண்டு பேருக்கும் பல்லு வலியா?" என்று வறுத்த மல்லாட்டைக் கடலை விற்கிற அம்மா கேட்டதும், நீ சிரித்த சிரிப்பில் பெட்டியே திரும்பிப் பார்த்தது.

கிரேக்கத்தில் ஹிப்னோஸ் என்றால் தூக்கம், பொம்பே என்றால் வழியனுப்புதல் என்றாய். தூக்கம் கலையும் நொடியில் சிலருக்கு இல்லாத குரல்கள் கேட்குமாம். அந்த நிலையைச் சொல்லும் சொல் அது.

"செத்தவங்க கொரலு கூடவா?" என்றேன்.

"நான் போனா வந்து சொல்றேன், இருடி" என்றாய். விளையாட்டுக்குக்கூட அப்படிச் சொல்லலாமா?

காமாலை உன்னைக் கொண்டுபோன அன்று, வெள்ளைத் துணியால் உன் தாடையைத் தலையோடு சேர்த்துக் கட்டியது நான்தான். வாய் திறந்துவிடுமோ என்று முடிச்சை இறுக்கிவிட்டேன். சுடுகாட்டில் அதை அவிழ்க்க வேண்டும். பெண்கள் தெருமுனையோடு திரும்பிவிட வேண்டும். அவிழ்த்தார்களா என்று எனக்கு எப்படித் தெரியும்?

மறுநாளிலிருந்து, விடியலில் கண் விழிக்கும்போது உன் குரல். ஹிப். ன. பாம். அதோடு நிற்கிறது. காரணம் புத்தகத்தில் இருக்கிறது, எனக்கு மனப்பாடம். ஆனால் நான் போட்ட முடிச்சுதான் உன்னைத் தடுக்கிறது என்று தோன்றினால் நான் என்னடி செய்வேன்?

நேற்று உன் தம்பி குமாரைக் கேட்டே விட்டேன்.

"அவுத்துட்டோம்க்கா. நான்தான் அவுத்தேன். முடிச்சு வரவே இல்ல, பேஜாராயிடுச்சி." சுற்றும் முற்றும் பார்த்துக்கொண்டான். "அவுத்ததும் வாய் தொறந்துக்கிச்சி. உள்ளேருந்து சின்னதா ஒரு சத்தம். பிக்குன்னு. காத்துதான்னு பெரியவரு ஒருத்தர் சொன்னாரு. யார்கிட்டயும் சொல்லாதீங்கக்கா."

அவன் எட்டாவதோடு நின்றவன். நம் புத்தகத்தைத் தொட்டதே இல்லை.

நான் வர முடியாத இடத்திலா அதைச் சொல்லி முடித்தாய்?

இன்று விடியலிலும் வந்தாய். மூன்றோடு நின்றாய். முதல்முறையாக நான் காதைப் பொத்திக்கொள்ளவில்லை. இனி பொத்தவும் மாட்டேன். நாளைக்கும் வா. மிச்சத்தை நான் சொல்கிறேன். அங்கே நீ தனியாகச் சொன்னது போதும்.

உன் கூடப் பிறக்காத சகோதரி,
மங்கை