அவர்கள் அழித்துவிட்டுப் போன வரைபடம்

உன் தங்கை நேற்று போனக்காட்டு எஸ்டேட்டிலிருந்து பஸ் பிடித்து வந்து உன் துணிப்பையைக் கொடுத்துவிட்டுப் போனாள். பையின் அடியில் ஒரு பவுடர் டப்பா. திறந்ததும் வண்டு அரித்த பயற்றின் வாசனை. மலாவியில் நாம் கூட்டத்துக்குக் கூட்டம் தூக்கிக்கொண்டு அலைந்த அதே புள்ளிப் பயறு. எழுதத் தெரியாதவர்கள் தங்களுக்கு எது முக்கியமோ அதன் படத்தின்மேல் ஒரு பயற்றை வைப்பார்கள். அதுதான் அவர்கள் வாக்கு. கரமனை வீட்டில் சாப்பாட்டு மேஜைமேல் அதைக் கொட்டி வைத்துக்கொண்டு வெகுநேரம் அழுதேன். நீ போய் மூன்று மாதம் ஆகிறது.

இரண்டு பேரும் ஒரே நாளில் ஒரு தொண்டு நிறுவனத்தில் வேலைக்குச் சேர்ந்தவர்கள். நான் கோட்டைக்குள் அக்ரஹாரத்தில் வளர்ந்தவள். நீ தேயிலைத் தோட்டத்து லயத்தில் பிறந்தவள். பெண்களிடம் தனியாகக் கேட்க வேண்டும் என்பதை எனக்குப் பயிற்சி வகுப்பில் சொல்லிக் கொடுத்தார்கள். உனக்கு யாரும் சொல்லித் தர வேண்டியிருக்கவில்லை. லயத்துக்குப் பின்னால் சரிவில், கங்காணி கண்ணில் படாமல் உன் அம்மா வைத்திருந்த பயற்றுக் கொடிகளைப் பற்றி விமானத்திலேயே சொல்லிவிட்டாய். நான் அதைச் சுவாரசியமான கதையாக மட்டும்தான் கேட்டுக்கொண்டேன்.

மலாவியின் வடக்கே, நிலம் அப்பனிடமிருந்து மகனுக்குப் போகும் ஊர் அது. ஆண்கள் ஒரு மரத்தடியில், பெண்கள் இன்னொரு மரத்தடியில், அவரவர் ஊரைத் தரையில் வரைந்தார்கள். ஆண்கள் ரோடு, தேவாலயம், சோளக்காடு என்று வரைந்தார்கள். பெண்கள் சாம்பலால் தண்ணீர்ப் பாதையைப் போட்டு, ஓடைப் பள்ளத்தோரம் வரிசையாகப் பச்சை இலைகளை வைத்தார்கள். கோடையில் ஈரம் நிற்கும் இடம். அங்கே அவர்கள் பூசணியும் கீரையும் போட்டிருந்தது ஆண்களுக்குச் சரியாகத் தெரியாது. தெரிந்தவர்களுக்கும் அதன் அளவு தெரியாது. பெரிய பாத்தி டிவோங்கேயுடையது. நான்கு பிள்ளைகளை அந்தப் பாத்தியை நம்பித்தான் பள்ளிக்கு அனுப்பினாள்.

இது வெளியே போகாது என்று மொழிபெயர்ப்பாளர் மூலம் நீ அவர்களுக்கு வாக்குக் கொடுத்தாய். எழுந்து போகும்போது அவர்களே இலைக்கொத்தால் தரையைப் பெருக்கி எல்லாவற்றையும் அழித்துவிட்டுப் போனார்கள். நான் அதற்குள் பேனாவும் தாளுமாக முழுதையும் பிரதி எடுத்திருந்தேன். பிரதி எடுப்பது நம் வேலையின் வழக்கம், வேறென்ன சொல்ல.

மறுநாள் பொதுக்கூட்டம். தலைநகரிலிருந்து மேலதிகாரிகள் வந்திருந்தார்கள். இரண்டு படங்களையும் பெரிய சார்ட்டில் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டி, ஆண்கள் பார்க்காததைப் பெண்கள் எப்படிப் பார்க்கிறார்கள் என்று விளக்கினேன். நன்றாகவே பேசினேன். கூட்டத்தின் கடைசி வரிசையிலிருந்து நீ கையை உயர்த்தினாய். நான் பேசிக்கொண்டே போனேன். ஊர்த்தலைவர் எழுந்து வந்து, இலைகளுக்குப் பதிலாக நான் போட்டிருந்த பச்சைக் கோட்டில் விரலை வைத்து, இது எந்த இடம் என்று மரியாதையாகக் கேட்டார். நானும் மரியாதையாகச் சொன்னேன்.

திரும்பும்போது ஜீப்பில் நீ கேட்டாய். "ஏட்டி, நான் கை காட்டினேனே, பாத்தியா?"

"இல்லையே. பாக்கலை."

"சாரமில்ல, விடு," என்று சொல்லி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாய்.

அடுத்த கோடையில் போனபோது ஓடைக்கரையில் பம்பு நின்றது. ஆண்களின் குழு முட்டைக்கோஸ் போட்டிருந்தது. டிவோங்கேக்கு மேட்டில் ஒரு கட்டாந்தரையைக் கொடுத்திருந்தார்கள். மூத்த பெண் பள்ளியை விட்டு நின்றுவிட்டாள். டிவோங்கே நமக்குக் குடிக்கத் தண்ணீர் கொடுத்தாள். ஒரு சுடுசொல் இல்லை. ஒன்றுதான் கேட்டாள்: "நாங்கள் அழித்ததை நீங்கள் ஏன் எழுதினீர்கள்?" வாக்குக் கொடுத்தவள் நான், தவறு என்னுடையது என்று நீ சொன்னாய். உன் பக்கத்தில் நின்றுகொண்டு அதைச் சொல்லவிட்டேன்.

என் ஒப்பந்தம் முடிந்ததும் நான் ஊர் திரும்பிவிட்டேன். நீ இன்னும் இரண்டு வருடம் அங்கேயே இருந்து, ஊர்த்தலைவர் வீட்டுக்கு நடையாய் நடந்து, அந்தப் பெண்களுக்குப் பள்ளத்தில் பாதியை மீட்டுக் கொடுத்தாய். டிவோங்கேயின் பாத்தி அந்தப் பாதியில் வரவில்லை.

ஆஸ்பத்திரியில் கடைசியாக உன்னைப் பார்த்த அன்று சொல்லிவிட வேண்டும் என்றுதான் வந்தேன். நீயே டிவோங்கேயின் பேச்சை எடுத்தாய். "அந்தப் பூசணி என்னா ருசி, கேட்டியா," என்றாய். உன் முகத்தில் சிரிப்பைப் பார்த்ததும் வாயை மூடிக்கொண்டேன். நாளைக்குச் சொல்லலாம் என்று நினைத்தேன்.

அந்தப் பொதுக்கூட்டத்தில் நீ உயர்த்திய கையை நான் பார்த்தேன். தெளிவாகப் பார்த்தேன். மேலதிகாரிகள் தலையாட்டிக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். நிறுத்த எனக்கு மனம் வரவில்லை. ஒருவேளை ஜீப்பிலேயே உனக்குத் தெரிந்திருக்கும். தெரிந்துதான் சாரமில்ல என்றாயோ என்னவோ.

இப்போது விழிஞ்ஞத்தில் மீன் விற்கும் பெண்களோடு வேலை செய்கிறேன். பிரதி எடுப்பதில்லை. பேசும்போது என் கண் கடைசி வரிசையிலேயே இருக்கிறது. அங்கே யாராவது கையைத் தூக்கினால் உடனே நிறுத்திவிடுகிறேன். பாதி நேரம் அவர்கள் வியர்வையைத் துடைக்கத்தான் தூக்கியிருப்பார்கள். ஆனாலும் நிறுத்தி, என்ன என்று கேட்கிறேன்.