இருட்டில் ஒரு மூலை

அன்புள்ள அப்பாவுக்கு, அருணாதேவியின் வணக்கம். உங்கள் முழங்கால் வலி கம்மியானதா? அம்மா மாத்திரையை விடாமல் சாப்பிடுகிறாரா? நான் பெங்களூரில் நன்றாக இருக்கிறேன்.

போன் செய்யாமல் எழுதுகிறேனே என்று பயப்படாதீர்கள். எங்கள் கம்பெனியின் ஆட்டோ ஆப்பைத் திறந்ததும் திரை இருண்டு, எதை அழுத்துவது என்று காட்ட ஒரு வட்டம் மட்டும் வெளிச்சமாகத் தெரியும் அல்லவா? அந்த இருட்டையும் வட்டத்தையும் வரைவதுதான் என் வேலை. திங்கட்கிழமை வந்த புதுத் திரையில் வட்டத்துக்குள் ‘சம்மதம்’ மட்டும் இருக்கிறது. டிரைவர்கள் பேசுவதைப் போன் கேட்கலாம் என்ற வரி இருட்டுக்குள் இருக்கிறது.

“எதுக்கு சார் இது?” என்று எங்கள் டீம் லீடரிடம் கேட்டேன்.

“வெளிச்சமா இருக்கற இடத்துலதாம்மா கை வெப்பாங்க. நீ வரை,” என்று சிரித்தார். அந்தச் சிரிப்பு எனக்குச் சரியாகப் படவில்லை.

நீங்களோ போனில், “எம் பொண்ணு செஞ்சதுனு ஆசிரமம் ஆட்டோ ஸ்டாண்டுல எல்லார் போன்லயும் ஏத்திட்டேம்மா” என்றீர்கள். வட்டத்தை அழுத்தியிருந்தால் ஆப்பையே எடுத்துவிடுங்கள். ஸ்டாண்டில் அப்ரோஸ் மாமாவுக்கும் மற்ற டிரைவர்களுக்கும் நேரில் சொல்லுங்கள். அப்போது போன்கள் ஆட்டோவிலேயே இருக்கட்டும்.

அம்மாவின் பழைய புடவை ஒன்று அனுப்புங்கள். இங்கே ஏசி ஜாஸ்தி. கூடவே உங்கள் கையெழுத்தில் இரண்டு வரி வையுங்கள்.

லீடர் இந்தப் பக்கம் வருகிறார், முடிக்கிறேன். இன்னும் அழுத்தாதவர்களுக்கு ஒன்று: வலது மூலையில், இருட்டில், ‘வேண்டாம்’ இருக்கிறது. இருட்டில் எங்கே தொட்டாலும் வேலை செய்யாதபடி அடைக்கச் சொன்னார்கள். அந்த மூலையை மட்டும் நான் அடைக்கவில்லை.

உங்கள் மகள்,
அருணாதேவி