ஜோரா ஓடுது மாமா

ஜூன் 3, செவ்வாய்

பின்பக்க பால்கனியை அடைத்து எனக்கொரு ஆபீஸ் தயார். ஒரு மேஜை, ஒரு கம்ப்யூட்டர், சாப்பாட்டு மேஜையிலிருந்து கடத்தி வந்த மர நாற்காலி. இத்தனை வருடம் யாரோ ஒருவரின் கம்பெனியில் உட்கார்ந்து சமையலறை அலமாரிகளுக்கு வரைபடம் போட்டாயிற்று. இனி சொந்தமாக. முதல் வேலையும் வந்துவிட்டது, மரப்பட்டறைக்காரர் ஆறு வீட்டுக்கு வரையச் சொல்லியிருக்கிறார். குறை ஒன்றுதான். வரைகிற சாஃப்ட்வேருக்கு லைசென்ஸ் இல்லை. விலையைக் கேட்டால் தலை சுற்றுகிறது.

"கவலைப்படாதம்மா, நான் பாத்துக்கறேன்" என்றார் மாமா. என் மாமனார், ஆஸ்பத்திரியில் பர்சேஸ் ஆபீசராக இருந்து ரிட்டயர் ஆனவர். கட்டில் முதல் பஞ்சு வரை அவர் பேரம் பேசாத பொருள் இல்லை. தன்னை ஒருத்தன் ஏமாற்றியதாகச் சரித்திரமே கிடையாது என்பார். வெங்காயம் வாங்கக்கூட மூன்று கடை ஏறி இறங்குகிற மனுஷன்.

ஜூன் 5, வியாழன்

வாங்கிவிட்டார்! நெட்டில் யாரோ ஒருத்தன், பத்தில் ஒரு பங்கு விலை, 'ஆயுள் முழுக்கச் செல்லும்'. அதிலும் பேசிக் குறைத்திருக்கிறார். தன் பென்ஷனிலிருந்து. நான் பணம் நீட்டினால் கையைத் தட்டிவிட்டார். "உன் ஆபீஸ்ல எனக்கும் ஒரு பங்கு இருக்கட்டும்."

அந்த நீளமான சாவி எண்ணை அவர் எழுத்து எழுத்தாக வாசிக்க, நான் அடித்தேன். திறந்தது! இரண்டு பேரும் கை தட்டினோம். என் வீட்டுக்காரர் எட்டிப் பார்த்து, "யாருக்குக் குழந்தை பொறந்திருக்கு?" என்றார்.

ஜூன் 12, வியாழன்

சாயங்கால நடை முடிந்து வந்ததும், செருப்பைக் கழற்றும் முன்பே கேட்கிறார்: "நம்ம சாஃப்ட்வேர் எப்படிம்மா ஓடுது?"

"ஜோரா ஓடுது மாமா."

அப்புறம்தான் செருப்பு.

ஜூன் 24, செவ்வாய்

போச்சு. காலையில் திறந்தால், 'இந்த உரிமம் செல்லாது'. மறுபடி அடித்தேன். மறுபடி அதே.

சாஃப்ட்வேர் கம்பெனிக்கு போன் போட்டேன். அங்கிருந்த பெண் பொறுமையாகச் சொன்னாள்: அது ஏதோ கல்லூரிக்குக் கொடுத்த சாவியாம், எவனோ அதை ஊர்ப்பட்ட பேருக்கு விற்றிருக்கிறான், மொத்தமாக ரத்து செய்துவிட்டார்களாம். விற்றவனுக்கு ஒரு செய்தி அனுப்பினேன். பதில் இல்லை. இரண்டாவது செய்தி போகவே இல்லை. என்னை பிளாக் பண்ணிவிட்டான், படுபாவி.

பட்டறைக்காரருக்கு வெள்ளிக்கிழமை படம் கொடுத்தாக வேண்டும். வேறு வழி? புது நாற்காலிக்கென்று எடுத்து வைத்திருந்ததைப் போட்டு, நிஜ லைசென்ஸே வாங்கிவிட்டேன், ஒரு வருடத்துக்கு. இடுப்பே, கொஞ்சம் பொறுத்துக்கொள்.

மாமாவிடம் சொல்லிவிடத்தான் காத்திருந்தேன். வந்தார். செருப்போடு நின்று, அந்தச் சிரிப்போடு கேட்டார்.

"ஜோரா ஓடுது மாமா."

ஜூன் 25, புதன்

வீட்டுக்காரரிடம் மட்டும் சொன்னேன். "நீயே அப்பாகிட்ட சொல்லிடு. நான் சொன்னா பாதியில சிரிச்சிடுவேன்" என்கிறார். உதவாக்கரை.

ஜூலை 9, புதன்

அந்தப் பயல் என்னைத்தான் பிளாக் செய்தான், மாமாவை விடவில்லை. தினம் காலையில் ஒரு ரோஜாப் படம், 'இனிய காலை வணக்கம் சார்'. மாமா பதிலுக்கு ஒரு தாமரை அனுப்புகிறார். ரிட்டயர் ஆன பிறகு அவரை சார் என்று கூப்பிட ஆள் கிடைத்திருக்கிறது. "மரியாதை தெரிஞ்ச பையன்மா" என்கிறார். நான் டீ டம்ளரைக் கழுவுகிற சாக்கில் எழுந்து போய்விட்டேன்.

ஜூலை 18, வெள்ளி

தெருமுனை ஜெராக்ஸ் கடை அக்காவின் மூன்று கம்ப்யூட்டருக்கும் மாமாதான் லைசென்ஸ் வாங்கித் தரப்போகிறாராம். அதே பையனிடம். அக்கா பணத்தை அவர் கையில் கொடுத்தாயிற்று. நாளைக் காலை அனுப்புகிறார்.

"உன்னோடது ஜோரா ஓடுதுன்னு சொன்னேன். அதை நம்பித்தான் அந்தப் பொண்ணு குடுத்துச்சு."

அதை நம்பித்தான். என் வாயை நம்பி. அந்தக் கடையைக் கட்டிக் காப்பாற்ற அக்கா படுகிற பாடு எனக்குத் தெரியாதா?

நாளைக்கு அவர் போனைத் தொடுவதற்குள் சொல்லியாக வேண்டும். பொய் சொன்னப்போ இத்தனூண்டுதானே இருந்துச்சு!

ஜூலை 19, சனி

சொல்லிட்டேன்.

டீயைக் குடிச்சிட்டு போனை எடுத்தார். கையைப் பிடிச்சிட்டேன். "மாமா, அனுப்பாதீங்க. அவன் ஃப்ராடு. நம்மளோடது போன மாசமே நின்னுடுச்சு."

கண்ணாடியைக் கழற்றினார். "அப்ப இவ்வளவு நாளா எதுல வரைஞ்ச?"

"வேற வாங்கினேன் மாமா."

என் மர நாற்காலியையே கொஞ்ச நேரம் பார்த்தார். "அதான் புது நாற்காலி வரலையா?"

அப்புறம் மெதுவா, "அவன் ஏமாத்தினான், சரி. அவன் யாரோ. நீ ஏம்மா தினமும்..." முடிக்கல. எழுந்து போயிட்டார்.

நாலு வார்த்தை திட்டியிருந்தாக்கூடத் தாங்கியிருப்பேன். அவர் மனசு நோகக்கூடாதுன்னுதானே சொன்னேன்? இல்ல, அவர் முகம் வாடறதை நான் பார்க்க வேண்டாம்னா? தெரியல.

ஜூலை 20, ஞாயிறு

சாயங்காலம் வந்தார். செருப்பைக் கழற்றினார். நேராக உள்ளே போய்விட்டார்.

ஜூலை 22, செவ்வாய்

இன்றும் கேட்கவில்லை. ஒரு கேள்விக்காக இப்படி ஏங்குவேன் என்று யாராவது சொல்லியிருந்தால் சிரித்திருப்பேன்.

ஜூலை 26, சனி

படங்களை காப்பி எடுக்க ஜெராக்ஸ் கடைக்குப் போனேன். முன்கண்ணாடியில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. மாமாவின் கையெழுத்து, அச்சு மாதிரி. 'இந்த எண்ணில் சாஃப்ட்வேர் லைசென்ஸ் வாங்காதீர்கள். நான் வாங்கினேன். ஏமாந்தேன்.' அந்தப் பயலின் நம்பர். கீழே மாமாவின் முழுப்பெயர். அதற்கும் கீழே 'பர்சேஸ் ஆபீசர், ஓய்வு'.

"அன்னைக்கே வந்து பணத்தைத் திருப்பிக் குடுத்துட்டார்" என்றாள் அக்கா. "இதை நேத்துதான் கொண்டாந்தார். பேரெல்லாம் எதுக்கு சார், நம்பர் போதுமேன்னேன். பேர் போடாம எழுதினா எவன் நம்புவான், ஏமாந்தவன்தான் சொல்லணும்னார். உன்னைப் பத்தியும் சொன்னார்."

"என்னக்கா சொன்னார்?"

"என் மானம் போகக்கூடாதுன்னு என் மருமக மரக்கட்டையில உக்காந்து இடுப்பை ஒடிச்சுக்கறான்னார்."

கடையில் நின்று அழுதுவிட்டேன். எனக்குப் பின்னால் நின்றவர் கையை நீட்டி, "ரெண்டு பக்கமும் ஒரு காப்பி" என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

ஜூலை 29, செவ்வாய்

மாமா போனை என்னிடம் நீட்டினார். "பிளாக் பண்றது எப்படிம்மா?" காட்டிக் கொடுத்தேன். அழுத்தினார். "பூ மட்டும் நல்லாத்தான் அனுப்பினான்" என்றார். இரண்டு பேருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. ஆனாலும் சாயங்காலம் கேட்கவில்லை.

ஆகஸ்ட் 1, வெள்ளி

காலையிலிருந்து கம்ப்யூட்டர் என்னைப் பாடாய்ப் படுத்தியது. வரைந்துகொண்டிருக்கும்போதே சாஃப்ட்வேர் தானாக மூடிக்கொள்கிறது. திறந்தால் மறுபடி மூடிக்கொள்கிறது. ஒரு வீட்டின் அலமாரி அத்தனையும் காற்றோடு போச்சு. மேஜையில் தலையைக் கவிழ்த்துக் கிடந்தேன். வாசல் கதவுச் சத்தம் கேட்டும் நிமிரவில்லை.

"நம்ம சாஃப்ட்வேர் எப்படிம்மா ஓடுது?"

திரும்பிப் பார்த்தேன். செருப்பு காலிலேயே இருந்தது.

"ஓடல மாமா. ரெண்டு தடவை நின்னுடுச்சு. மத்தியானம் வரைஞ்சது எல்லாம் போச்சு."

"அவ்வளவு காசைக் கொட்டி வாங்கினதுமா?"

"அதுவும்தான்."

அவர் முகத்தில் அப்படியொரு சந்தோஷத்தை நான் பார்த்து எத்தனை நாள் ஆயிற்று!

அப்புறம்தான் செருப்பைக் கழற்றினார்.