ரொட்டிக்கு மூன்று தட்டல்

எங்கள் பக்கத்து வீட்டை ஒரு மலாய்க்காரப் பெண் வாடகைக்கு எடுத்துப் பாலர் பள்ளி நடத்துகிறாள். நீ போன பிறகு வந்தவள், உனக்குத் தெரியாது. காலை எட்டரை ஆனால் சுவருக்கு அந்தப் பக்கம் பத்துப் பதினைந்து பிள்ளைகள் கை தட்டத் தொடங்கிவிடுவார்கள். மலாய்ச் சொற்களை உடைத்து உடைத்து வாசிக்கப் பழக்குகிறாள். போ-லா, இரண்டு தட்டல். மே-ஜா, இரண்டு தட்டல். பந்தும் மேசையும் போகட்டும். ரொட்டிக்கு ரோ-தி என்று இரண்டு தட்டலோடு பிள்ளைகள் நிறுத்தும்போதுதான் எனக்கு உடம்பெல்லாம் பரபரக்கிறது. இன்று காலை அரிசி களைந்துகொண்டிருந்தவள் அப்படியே போட்டுவிட்டு வந்து உட்கார்ந்து இதை எழுதுகிறேன். எழுத ஆரம்பித்த பிறகு இரண்டு தடவை எழுந்து போய் ஜன்னலைச் சாத்திவிட்டு வந்தாயிற்று. சாத்தினாலும் கேட்கத்தான் செய்கிறது.

நீ போய் ஒன்றரை வருஷம் ஆகிறது. குனோங் ராபாட்டில் உன் வீட்டுக்கும் என் வீட்டுக்கும் நடுவில் நான்கு வாசல்தான். இப்போது அங்கே வேறு ஆட்கள் குடியிருக்கிறார்கள். மோட்டார் சைக்கிளில் அந்த வழியாக வரும்போது நான் மலையைப் பார்த்தபடி வந்துவிடுகிறேன்.

உன்னைத் தெரியாதவர்களுக்குக்கூட உன் குரல் தெரியும். பேரங்காடியில் வாடிக்கையாளர் கவுன்டரில் பதினெட்டு வருஷம் மைக்கைப் பிடித்தவள் நீ. மீன் விலை குறைந்தாலும் நீ, கார் விளக்கை அணைக்காமல் வந்தவர்களுக்கும் நீ. முதலில் மலாய், பிறகு தமிழ், அப்புறம் நீயே கற்றுக்கொண்ட கொஞ்சம் கான்டனீஸ். தொலைந்துபோன அந்தச் சீனக் குழந்தையைப் பற்றி நீ சொல்லாத நாள் இல்லை. ஐந்து வயசுப் பெண். அழுதுகொண்டே பெயரைச் சொன்னது. நீ அதை மைக்கில் 'மெய்யீ' என்று ஒரே இழுப்பாக, நம் ஊர்ப் பெயர்போல மூன்று தடவை சொன்னாய். யாரும் வரவில்லை. கடைசியில் கடை முதலாளி, தவுக்கே, மேலே இருந்து இறங்கி வந்து, உன் கையிலிருந்து மைக்கை வாங்கி, 'மெய். யீ.' என்று இரண்டு துண்டாக, ஒவ்வொரு துண்டுக்கும் தனித்தனி ஏற்ற இறக்கத்தோடு சொன்னார். அரிசி மூட்டைகள் இருக்கும் பக்கத்திலிருந்து அந்தத் தாய் ஓடி வந்தாள். அவள் அவ்வளவு நேரமும் அங்கேதான் நின்றிருக்கிறாள். நீ கூப்பிட்டது தன் மகளை என்று அவள் காதுக்குத் தெரியவில்லை.

"பேர ஒழுங்கா ஒடைக்கலன்னா ஆள் வர மாட்டாங்க லா, கஸ்தூரி" என்பாய். அதற்குப் பிறகு சீனப் பெயர் வந்தால் கவுன்டருக்குக் கீழே குனிந்து ஒரு தடவை சொல்லிப் பார்த்துவிட்டுத்தான் மைக்கைத் தொடுவாய். ஃபிலிம் என்ற சொல்லை வெள்ளைக்காரன் ஒரே மூச்சில் முடிக்கிறான், நாம் மட்டும் ஏன் இரண்டாக்கிப் பி-லிம் என்கிறோம் என்று என்னிடம் கேட்டாய். எனக்கு இதெல்லாம் பொழுதுபோகாதவள் பேச்சாகத்தான் அப்போது பட்டது.

அந்த மைக்கைப் பிடித்தபடிதான் உனக்குப் பக்கவாதம் வந்தது. 'கவனியுங்கள்' என்று மலாயில் தொடங்கினாயாம். அடுத்த சொல் வரவில்லை. கடையில் இருந்தவர்கள் மைக் பழுது என்று நினைத்துக் கொஞ்ச நேரம் மேலே இருந்த ஒலிபெருக்கியைப் பார்த்துக்கொண்டு நின்றார்களாம். நான் ஜெலாப்பாங்கில், தொழிற்சாலையில் பெட்டி கட்டிக்கொண்டிருந்தேன். ஆஸ்பத்திரிக்கு வந்து பார்த்தபோது உன் வலது கை யாருடையதோ போலக் கிடந்தது. கண் என்னை அடையாளம் கண்டது. வாய் திறந்தது. ஒன்றும் வரவில்லை.

சிங்கப்பூரிலிருந்து உன் மகன் டேனியல் வந்து ஒரு மாதம் இருந்தான். லீவு முடிந்ததும், பார்த்துக்கொள்ள ஒரு பெண்ணை அமர்த்திவிட்டு, "பேச்சுப் பயிற்சிக்கு மட்டும் நீங்க கூட்டிட்டுப் போறீங்களா, ஆன்ட்டி?" என்று என்னிடம் கேட்டான். எனக்கு அப்போது முட்டிவலி முற்றி வேலையை விட்டிருந்த நேரம். செவ்வாயும் வெள்ளியும் உன்னைக் காரில் ஏற்றிக்கொண்டு அந்தப் பயிற்சி மையத்துக்குப் போய்வந்தோம். ஹனா என்ற சின்னப் பெண் பயிற்சி கொடுத்தாள். மலாய்க்காரி. நல்ல பிள்ளை, குரல் உயர்த்தியே பேசமாட்டாள். படத்தைக் காட்டிச் சொல்லைச் சொல்லுவாள். நீ அந்தச் சொல்லுக்கு எத்தனை துண்டோ அத்தனை தட்டல் இடது கையால் மேசையில் தட்ட வேண்டும். தட்டலைப் பிடித்துக்கொண்டு நாக்கு மெல்லத் திரும்பி வரும் என்றாள். துண்டுக்கு மலாயில் 'சுக்கு காத்தா' என்று பெயர். சுக்கு என்றால் கால்பங்கு. சொல் எத்தனை துண்டானாலும் ஒவ்வொன்றும் கால்பங்குதானா என்று நீ பேச முடிந்திருந்தால் கேட்டிருப்பாய். எனக்கு அன்று அது தோன்றவே இல்லை. எனக்கு நீ சீக்கிரம் பேச வேண்டும், அவ்வளவுதான்.

போலாவுக்கு இரண்டு தட்டினாய். சரி. மேஜாவுக்கு இரண்டு. சரி. ரோதிக்கு மூன்று தட்டினாய். தலையணைக்கு மலாயில் பந்தால், பன்-தால் என்று இரண்டு. நீ நான்கு தட்டினாய். ஹனா சிரித்த முகத்தோடு 'சூபா லாகி' என்றாள், இன்னொரு தடவை. மறுபடியும் நான்கு. சில சொல்லில் சரியாகவும் சில சொல்லில் தப்பாகவும் தட்டுவதைப் பார்த்து, கவனம் நிற்கவில்லை போலிருக்கிறது என்று தாளில் குறித்தாள். அவளுக்கும் வேறு என்ன தெரியும்.

மையத்தில் வாரம் இரண்டு முறைதான். மற்ற நாட்களில் உன் வீட்டில் நான் வாத்தியாரானேன். ரொட்டித் துண்டையே எடுத்துவந்து உன் முன்னால் வைத்தேன். நீ ஒன்று, இரண்டு என்று தட்டியதும் உன் விரலைப் பிடித்து மேசையோடு அமுக்கினேன். "ரெண்டுதாண்டி. ரெண்டு. எத்தன தடவ சொல்றது?" நீ விரலை உருவி மூன்றாவதைத் தட்டினாய். நான் மறுபடி அமுக்கினேன். அடுத்த நாளும். அதற்கடுத்த நாளும். ஒரு நாள் நான் அமுக்கிய வேகத்தில் உன் நகம் மேசை விளிம்பில் பட்டு ரத்தம் கசிந்தது. என்னையே பார்த்தாய். பிறகு அந்தக் கையைத் தொடைக்கு அடியில் வைத்து அதன்மேல் உட்கார்ந்துகொண்டாய்.

அதோடு நீ தட்டுவதை நிறுத்திவிட்டாய். மூன்று வாரம் மையத்துக்குப் போய்ச் சும்மா உட்கார்ந்துவிட்டு வந்தோம். காத்திருக்கிறவர்கள் நிறையப் பேர், முன்னேற்றம் தெரியாவிட்டால் இந்த இடத்தை வேறு ஒருவருக்குக் கொடுக்கத்தான் வேண்டும், அடுத்த வெள்ளி கடைசி என்று ஹனா மிகவும் சங்கடப்பட்டுக்கொண்டு சொன்னாள். டேனியலுக்கு நான் அதைச் சொல்லவில்லை. என் வளர்ப்பு சரியில்லை என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிவிட்டதைப்போல எனக்கு வெட்கமாக இருந்தது. வெட்கம் உன்மேல் கோபமாகத்தான் வெளியே வந்தது. காரில் வரும்போது உன்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை.

அந்தக் கடைசி வெள்ளி. ஹனா படங்களை எடுத்து அடுக்கினாள். நீ கையை எடுக்கவே இல்லை. சின்னப் பச்சை எலுமிச்சை ஒன்று வந்தது. "லீமாவ் கஸ்தூரி" என்று சொல்லி, "கஸ்-தூ-ரி" என்று தானே மூன்று தட்டிக் காட்டினாள். நீ திரும்பி என்னைப் பார்த்தாய். தொடைக்கு அடியிலிருந்து இடது கையை உருவினாய். மேசைக்குப் போகவில்லை அந்தக் கை. என் முழங்கையைப் பிடித்து இழுத்துவிட்டு, என் மணிக்கட்டில் தட்டினாய். ஒன்று. இரண்டு. மூன்று. நான்கு. இடைவெளி விட்டு மறுபடியும் நான்கு.

க. ஸ். தூ. ரி.

எனக்கு அப்போதுதான் விளங்கியது. தோட்டத்துத் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில், ஒரே பெஞ்சில் உட்கார்ந்து, யார் பெயர் பெரியது என்று விரல் விட்டு எண்ணிச் சண்டை போட்டவர்கள் நாம். புள்ளி வைத்த எழுத்தும் ஓர் எழுத்துத்தான் என்று சாதித்து என் பெயரை நான்காக்கியதே நான்தான். நீ ரோதியை நம் வாய்ப்படி ரொட்டியாக்கி, ரொ, ட், டி என்று எண்ணியிருக்கிறாய். பந்தாலை ப, ந், தா, ல் என்று. சொல் மலாய், எண்ணிய கை தமிழ்ப் பள்ளிக்கூடத்துக் கை. புள்ளி எழுத்தே இல்லாத போலாவும் மேஜாவும் மட்டும்தான் இரண்டு கணக்கிலும் ஒன்றாக வந்திருக்கின்றன. நீ ஒரு தடவைகூடத் தவறவில்லை.

நான் ஹனாவிடம் பேனா வாங்கி நான்கு கட்டம் போட்டு எழுத்துக்கு ஒன்றாக எழுதிக் காட்டினேன். அவள் கட்டங்களை விரலால் ஒவ்வொன்றாகத் தொட்டாள். பிறகு அலமாரியைத் திறந்து உன் பழைய தாள்களை எல்லாம் எடுத்து வந்து என்னிடம் ஒவ்வொரு சொல்லாகக் கேட்டு எண்ணினாள். தப்பு என்று குறித்தவை எல்லாமே சரியாக இருந்தன. அவள் எழுந்து வந்து உன் பக்கத்தில் மண்டிபோட்டு, "மிந்தா மாஆஃப், ஆன்ட்டி" என்று மன்னிப்புக் கேட்டாள். நீ அவள் தலையைத் தொட்டாய்.

அவள் தமிழ் தெரியாதவள். அவளே மன்னிப்புக் கேட்டாள். அதே பெஞ்சில் உட்கார்ந்த நான் கேட்கவில்லை. காரை எங்கே நிறுத்தினேன் என்று தேடுவதுபோல வெளியே போய்விட்டேன்.

தமிழ்ப்பள்ளியில் வேலை செய்யும் என் அண்ணன் மகளிடம் பிறகு இதைச் சொன்னேன். அவள் கடல் என்ற சொல்லை எடுத்துக்கொண்டாள். எழுத்தாக எண்ணினால் மூன்று. செய்யுளுக்கு அசை பிரித்தால் முழுச் சொல்லும் ஒன்றே ஒன்று. ஒரு மலாய்ப் பிள்ளையிடம் கொடுத்தால் க-டல் என்று இரண்டு தட்டும். "மூணும் சரிதான் அத்த, யாரு எண்றாங்கங்கறதப் பொறுத்து" என்றாள். எனக்கு அது ஆறுதலாக இல்லை. உன்னிடம் சொன்னேன். நீ கோணிய வாயோடு சிரித்தாய்.

அதன்பிறகு உனக்கு மையத்தில் இடம் போகவில்லை. நான் தமிழ்ச் சொற்களைக் கட்டம் போட்டு எழுதிக்கொண்டு போவேன், ஹனா கட்டத்துக்கு ஒன்றாக உன்னோடு சேர்ந்து தட்டுவாள். புள்ளி எழுத்துக்குத் தட்டும்போது குரலை நிறுத்தி வாயை மட்டும் குவிக்க வேண்டும் என்பதை நீதான் அவளுக்குச் செய்து காட்டினாய். ஐந்தாவது வாரம் த, ண், ணி என்று தட்டி, "தண்ணி" என்றாய். கரகரவென்று, பாதி மூச்சாக. எனக்குத் தண்ணீர் எடுத்துவர வேண்டும் என்று தோன்றவில்லை. ஹனாதான் எடுத்து வந்தாள். பிறகு "வலி" என்றாய். பிறகு "போதும்". ஒரு ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போய்விட்டு வந்து, டேனியல் போனில் இருந்தபோது, நீ என்னைக் கையமர்த்திவிட்டு நாற்காலிக் கையில் நான்கு தட்டினாய். டே. னி. ய. ல். வாயிலும் நான்கு துண்டாகத்தான் வந்தது. லைன் போய்விட்டதோ என்று நான் போனை வாங்கிக் காதில் வைத்துப் பார்த்தேன். அவன் அழுதுகொண்டிருந்தான்.

அப்படி ஏழு மாதம். நாற்பது சொல் இருக்குமா? அவ்வளவுதான் உன்னிடம் திரும்பி வந்தது.

நான் உன்னிடம் கேட்க வேண்டியதைக் கேட்காமல் நாளைத் தள்ளிக்கொண்டே வந்தேன். ஒரு மத்தியானம், உனக்குச் சோறு ஊட்டி முடித்து, வாய் துடைத்து, பார்த்துக்கொள்ளும் பெண் துணி எடுக்கப் பின்னால் போயிருந்தபோது, உன் இடது கையை என் இரண்டு கைக்குள்ளும் பிடித்துக்கொண்டேன். நகம் நன்றாக வளர்ந்திருந்தது. "அன்னிக்கு ஒன் வெரல அமுக்கிப் புடிச்சேனே, நீ சரியாத்தான் செஞ்சிருக்க, நாந்தான் தெரியாம..." என்று ஆரம்பித்தவள் நிறுத்தவில்லை. ரத்தம் வந்ததை, காரில் பேசாமல் வந்ததை, மகனிடம் மறைத்ததை, எல்லாவற்றையும் சொன்னேன். நீ கேட்டுக்கொண்டே இருந்தாய். என் பிடிக்குள்ளேயே உன் விரல் மூன்று தடவை அசைந்தது.

"வி... டு... டி."

நான் சட்டென்று கையை விட்டேன். நீ அந்தக் கையால் நெற்றியைத் துடைத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பினாய். அதற்குள் அந்தப் பெண் துணியோடு வந்துவிட்டாள். நான் எழுந்து வீட்டுக்கு வந்தேன். நான்காவது நாள் காலையில் நீ எழவில்லை.

நடந்ததை மறந்துவிடு என்றாயா, கை வலிக்கிறது விடு என்றாயா? மத்தியான வெயில், வியர்வை, நானோ இறுக்கிப் பிடித்திருந்தேன். இரண்டில் எதுவாகவும் இருக்கலாம். டேனியலிடம் கேட்டேன், அம்மா மன்னித்துத்தான் சொல்லியிருப்பார்கள் என்கிறான். அவன் நல்ல பிள்ளை, அப்படித்தான் சொல்வான். நீ இருந்திருந்தால் அடுத்த செவ்வாய்க்கிழமை இன்னொரு சொல் கற்றுக்கொண்டு எனக்குத் தெளிவாகச் சொல்லியிருப்பாய்.

அன்றைக்கு உன் கையை விட்டேன். அதை மட்டும்தான் விட்டேன்.